தூசி இல்லாத விசிறி

அலுவலகத்தில் அவருக்கு லென்ஸ் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. வீட்டுச் சாமான்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வாரன்டிப் பிரிவில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருந்தார். பழுதாகி வருகிற இஸ்திரிப் பெட்டி, மின்விசிறி, துணி துவைக்கும் மெஷின் எல்லாம் முதலில் அவர் மேசைக்குத்தான் வரும். வாங்கியவர் என்ன எழுதியிருக்கிறார் என்பதை அவர் படிக்கவே மாட்டார். சட்டைப் பையிலிருந்து பித்தளை வளையம் போட்ட சின்ன லென்ஸை எடுத்து வலது கண்ணில் இடுக்கிக்கொண்டு நேராக ஸ்க்ரூவைப் பார்க்கப் போய்விடுவார். ஸ்க்ரூவின் தலையில் பளபளவென்று ஒரு கீறல் தெரிந்தால் போதும். வெளியாள் கை பட்டிருக்கிறது, வாரன்டி செல்லாது என்று எழுதிக் கீழே ஓங்கி ஒரு கையெழுத்துப் போடுவார். பொல்லாத மனுஷர் என்று சொல்லிவிட முடியாது. மனிதர்கள் பொய் சொல்வார்கள், ஸ்க்ரூ சொல்லாது என்று நம்பினார், அவ்வளவுதான்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அரை நாள் லீவு போட்டுவிட்டு, தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மனைவியின் லேப்டாப்பைக் குப்புறப் போட்டு, அதன் ஸ்க்ரூக்களைத் தன் கையாலேயே கழற்றிக்கொண்டிருந்தார். அவருடைய அலுவலகத்தில் போய் இதைச் சொன்னால் சொன்னவனைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. அவர் மனைவி புத்தகங்களுக்குப் பக்கம் கட்டிக் கொடுக்கிறவள். எழுத்தையும் படத்தையும் பக்கத்தில் பொருத்தி, அப்படியே அச்சகத்துக்கு அனுப்பும்படி முடித்துத் தருவது அவள் தொழில். ஒன்பது வருடமாக நோட்டீஸ், காலண்டர், கம்பெனி விளம்பரம் என்று செய்துகொண்டிருந்தவளுக்கு இப்போதுதான் உருப்படியாக ஒரு புத்தகம் கிடைத்திருந்தது. மருத்துவ மாணவர்களுக்கான தடிப் புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் படம். மண்டையோட்டில் ஆரம்பித்துக் கால் கட்டைவிரலில் முடிகிறது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் கட்டைவிரல் வரை முடித்துக் கொடுத்தால் அடுத்த நான்கு பாகமும் உனக்குத்தான் என்று பதிப்பகத்துக்காரர் சொல்லியிருந்தார். தேதி தவறினால் வேறு ஆள் காத்திருக்கிறார் என்பதையும் அதே மூச்சில் சொல்லியிருந்தார்.

லேப்டாப் வாங்கி ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. ஆனால் இத்தனை பெரிய படங்களை அது தாங்கவில்லை. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போவதற்குள் ஒரு வாளித் துணியை உலர்த்திவிட்டு வந்துவிடலாம். மெமரியைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று அவள் அக்கா சொன்னாள். கடையில் கொடுத்துப் போட்டுக்கொள்ளட்டுமா என்று மூன்று மாதத்துக்கு முன்பே அவள் இவரிடம் கேட்டாள். மூடியில் கை வைத்தால் வாரன்டி போச்சு, வருடம் முடிகிற வரை பல்லைக் கடித்துக்கொள் என்று இவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். வாரன்டி விஷயத்தில் இவர் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. அவளும் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் திரையில் சுற்றிக்கொண்டே இருந்த வட்டத்தைப் பார்த்தபடி, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்றார் இவர். இடுப்பெலும்பு காலையிலிருந்து திறக்க மாட்டேன் என்கிறது என்றாள். சிரிக்க வேண்டிய பேச்சுதான். ஆனால் அவள் குரல் உடைந்திருந்தது. அந்தக் குரலில் இவருடைய பதினாறு வருடக் கண்டிப்பு ஆட்டம் கண்டுவிட்டது. மறுநாளே விரல் நீளத்தில் புது மெமரி ஒன்றை வாங்கி வந்துவிட்டார். செவ்வாயன்று அவள் திருத்தம் பார்க்கப் பதிப்பகத்துக்குப் போகிறாள், நாலு மணிக்கு மேல்தான் வருவாள். வந்து திறந்தால் லேப்டாப் பறக்க வேண்டும், அவள் திகைத்துப்போய்த் திரும்பிப் பார்க்க வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

ஸ்க்ரூ விஷயத்தில் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அளவு சரியாகப் பொருந்துகிற புது ஸ்க்ரூடிரைவர், கீழே மெத்தென்று ஒரு துண்டு, கழற்றிய எட்டையும் வரிசை மாறாமல் வைக்க ஒரு தாள். உள்ளே இரண்டு இடம் இருந்தது. ஒன்றில் பழைய மெமரி, இன்னொன்று காலி. காலியான இடத்தில் புதியதை அழுத்தினார். கிளிக் என்று உட்கார்ந்தது. மூடியை மூடி, பட்டனை அழுத்தினார். விளக்கு எரிந்தது. விசிறி ஓடியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

அரை நிமிடம் பார்த்தார். அதற்கு மேல் அந்த மனுஷனால் முடியவில்லை. பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தார். மறுபடி போட்டார். மறுபடி கறுப்பு. மூடியைத் திரும்பவும் கழற்றி, புது மெமரியைப் பிடுங்கி எடுத்துவிட்டுப் போட்டுப் பார்த்தார். அப்போதும் கறுப்பு. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று ஆறு தடவை போட்டு ஆறு தடவை அணைத்தார். சுவர்க் கடிகாரம் மூன்றேகால் காட்டியது.

வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் யாருக்காவது போன் போட்டிருப்பார்கள். இவரோ தனக்குத் தெரிந்த தொழிலைச் செய்தார். எந்தெந்தத் தடயத்தை வைத்துப் பதினாறு வருடமாக மற்றவர்களைப் பிடித்தாரோ, அதையெல்லாம் ஒன்றுவிடாமல் அழிக்க உட்கார்ந்தார். உள்ளே படிந்திருந்த தூசியில் விரல் ரேகை பதிந்திருக்கும் என்று ஒரு மென்மையான பிரஷ்ஷை எடுத்து மூலை முடுக்கெல்லாம் தட்டினார். விசிறியின் ஒவ்வொரு இறக்கையையும் பஞ்சால் துடைத்தார். ஸ்க்ரூத் தலைகளில் கறுப்பு மையைத் தொட்டு வைத்தார். எல்லாவற்றையும் மூடிவிட்டு லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. நானே பார்த்தாலும் விட்டுவிடுவேன் என்று நினைத்தார். அந்த நிலைமையிலும் மனுஷனுக்கு உள்ளூர ஒரு பெருமை. புது மெமரியை அதன் உறையில் போட்டு, சட்டைப் பையில் லென்ஸுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

நாலரைக்கு அவள் வந்தாள். செருப்பைக் கழற்றிய கையோடு வந்து லேப்டாப்பைத் திறந்து பட்டனை அழுத்தினாள். பிறகு இன்னொரு தடவை அழுத்தினாள். லென்ஸ் பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். சொல்லிவிடலாம் என்று பேப்பரை இறக்கினார், நிஜமாகவே வாயைத் திறந்தார். அதற்குள் அவள் மேசையோரத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, அதன் மூடியைத் திருகிப் பார்த்தாள்.

"ஐயோ, மூடி லூசா இருக்குங்க. காலையில இதைப் பக்கத்துலயே வச்சிருந்தேன். நீங்க எத்தனை தடவை சொன்னீங்க, தண்ணியைக் கிட்ட வைக்காதேன்னு. நான்தான் கேக்கலை."

திறந்த வாய் மூடிக்கொண்டது. பிறகு அது திறந்தபோது, பார்த்துக்கலாம், வாரன்டிதான் இருக்கே என்றுதான் வந்தது. உதவாக்கரை வாய்.

சர்வீஸ் சென்டரில் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் நேரம் கொடுத்தார்கள். வேலையையெல்லாம் தினமும் பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தாள், அது மட்டும்தான் ஆறுதல். புதனும் வியாழனும் இரண்டு பஸ் மாறி அக்கா வீட்டுக்குப் போய், அங்கே இருந்த ஆதிகாலத்துக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டினாள். புதன் சாயங்காலம் திரும்பி வந்து, இன்றைக்கு ஒரு பக்க இடுப்புதான் ஆச்சு என்றாள். வியாழக்கிழமை மற்றதும் ஆச்சு என்று சொல்லிவிட்டு அழுதாள். இன்னும் இரண்டு கால் அப்படியே பாக்கி. பதிப்பகத்துக்காரர் போன் செய்தபோது, என் கவனக்குறைவுதான் சார், மன்னிச்சுக்கோங்க என்று மூன்று தடவை சொன்னாள். அக்காவிடமும் அதையே சொன்னாள், கீழ் வீட்டுக்காரி கேட்டபோதும் அதையே சொன்னாள். பாட்டிலை அந்த அறையிலிருந்தே எடுத்துவிட்டாள். தாகம் எடுத்தால் சமையலறைக்குப் போய், நின்றபடியே நாலு மடக்குக் குடித்துவிட்டு வந்தாள்.

லென்ஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் நடந்தார். எதற்கென்று தெரியாமல் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். சட்டைப் பையில் மெமரி இருக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அலுவலகத்தில் ஒரு இஸ்திரிப் பெட்டி வந்தது. நான் திறக்கவில்லை என்று ஒரு அம்மாள் குண்டு குண்டாக எழுதியிருந்தாள். லென்ஸைக் கண்ணுக்குக் கொண்டு போனவர், பார்க்காமலே கீழே வைத்துவிட்டார். அந்தப் பெட்டி இரண்டு நாளும் அவர் மேசையிலேயே கிடந்தது. உடம்பு சரியில்லையா சார் என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டார்.

சொல்லக்கூடாது என்று அவர் நினைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை சொல்லியிருந்தால் திறந்தது மட்டும்தான் தப்பு. புதன்கிழமை சொன்னால் ஒரு நாள் மறைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை சொன்னால் அவள் அழுததையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாள் ஏற ஏற விஷயம் கனத்துக்கொண்டே போயிற்று. வெள்ளிக்கிழமை சர்வீஸ் சென்டர்க்காரர்கள் ஏதோ ஒரு பாகம் போச்சு என்று மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், அத்தோடு தீர்ந்தது என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டார். சமாதானம் ஆகவில்லை.

சர்வீஸ் சென்டரில் டோக்கன் கொடுத்து, ஒரு படிவத்தையும் கொடுத்தார்கள். லேப்டாப் அவள் பெயரில் இருந்ததால் அவளே நிரப்பினாள். நாலாவது கேள்விக்கு வந்ததும் நிமிர்ந்து இவரைப் பார்த்து, மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். இதற்கு முன் யாராவது திறந்தார்களா என்று கேட்கிறார்கள், நம் வீட்டைப் பற்றி இவர்களுக்குத் தெரியாது என்று சொல்லிக்கொண்டே 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். கீழே கையெழுத்தும் போட்டாள். லென்ஸ் எதிர்ச் சுவரில் தொங்கிய தீயணைப்பானை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கவுன்ட்டரில் ஒரு டெக்னீஷியன் பெண் இருந்தாள். முப்பது வயது இருக்கலாம், மூக்குக் கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றி விட்டிருந்தாள். வாடிக்கையாளரின் கண் முன்னாலேயே திறந்து பார்ப்பது அங்கே வழக்கம். மனைவி தண்ணீர் பாட்டில் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னாள், தப்பு தன்னுடையதுதான் என்று முடித்தாள். அந்தப் பெண் கேட்டுக்கொண்டே எட்டு ஸ்க்ரூவையும் கழற்றினாள். ஒன்றின் தலையைக்கூட அவள் பார்க்கவில்லை. லென்ஸுக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது. மூடியை எடுத்துவிட்டு உள்ளே டார்ச் அடித்தவள், அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இது தினமும் ஓடுகிறதா என்று கேட்டாள். தினமும் எட்டு மணி நேரம் என்றாள் மனைவி. வீட்டில் தூசி வருமா என்று கேட்டாள். ரோட்டைப் பார்த்த வீடு, ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரல் கறுப்பாகிவிடும் என்றாள் மனைவி.

"அப்போ ஒம்பது மாசம் ஓடின விசிறியில ஒரு பொட்டுத் தூசி இல்லையே, எப்படிங்க?"

லென்ஸ் எட்டி அந்த விசிறியைப் பார்த்தார். பதினாறு வருடத்தில் எத்தனை ஆயிரம் மெஷின்களைப் பார்த்திருப்பார்! தூசி இல்லாததும் ஒரு தடயம்தான் என்று அவர் புத்தியில் உறைத்ததே இல்லை. ஸ்க்ரூ, ஸ்க்ரூ என்று ஸ்க்ரூவையே கட்டிக்கொண்டு அழுதவர், விசிறியைத் தானே பஞ்சால் துடைத்துப் பளிச்சென்று காட்டிக் கொடுத்திருக்கிறார்.

தண்ணீரே போகவில்லை என்றாள் அந்தப் பெண். தண்ணீர் பட்டால் சிவப்பாகிவிடும் ஒரு வெள்ளைப் பொட்டை டார்ச் அடித்துக் காட்டினாள். அது வெள்ளையாகவே இருந்தது. யாரோ திறந்து சுத்தம் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்றாள். மனைவிக்கு நிம்மதி வந்திருக்க வேண்டிய நேரம் அது. அவளுக்கோ கோபம்தான் வந்தது.

"அப்போ நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன்னு சொல்றீங்களா? இவரு யாரு தெரியுமா உங்களுக்கு? வாரன்டி ஆபீசர். மூணு மாசத்துக்கு முன்னாடியே கேட்டேன், ஒரு ஸ்க்ரூவைத் தொட விடலை. இவரு இருக்கற வீட்ல யாருங்க திறப்பாங்க?"

நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் சிவந்திருந்தது. இவருக்காக, இவருடைய நேர்மைக்காக அவள் அந்நியர்கள் நடுவில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். லென்ஸால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சட்டைப் பையில் கையை விட்டு அந்த உறையை எடுத்துக் கண்ணாடிக் கவுன்ட்டரின் மேல் வைத்தார். கூடவே லென்ஸும் வெளியே வந்து விழுந்து, உருண்டு, லேப்டாப்பில் மோதி நின்றது.

"நான்தான் திறந்தேன்," என்றார் மனைவியிடம். "செவ்வாய்க்கிழமை. நீ வர்றதுக்கு முன்னாடி."

அவள் உறையைப் பார்த்தாள். பிறகு இவரைப் பார்த்தாள்.

பேசியது டெக்னீஷியன் பெண்தான். மெமரிதானா, இதற்கா இவ்வளவு என்று சாதாரணமாகக் கேட்டாள். மெமரியை வாங்கியவர்களே போட்டுக்கொள்ளலாம், அதனால் வாரன்டி போகாது, லேப்டாப்போடு வந்த கையேட்டில் ஏழாம் பக்கத்திலேயே போட்டிருக்கிறது என்றாள். போகாதா என்று மனைவி மெதுவாகக் கேட்டாள். மூன்று மாதத்துக்கு முன்னால் போட்டிருந்தாலுமா என்று கேட்டாள். வாங்கின அன்றைக்கே போட்டிருக்கலாமே என்றாள் அந்தப் பெண். ஊரார் வாரன்டியையெல்லாம் செல்லாது என்று எழுதித் தள்ளுகிற மனுஷர், தன் வீட்டுக் கையேட்டைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து பிரித்ததுகூட இல்லை. தன் கம்பெனிச் சட்டம்தான் உலகத்துக்கே சட்டம் என்று இருந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை லென்ஸிடம் கேட்டுக்கொண்டே அந்தப் பெண் உள்ளே கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். கிளிக் என்றது. பழைய மெமரி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்ததாம், பிரஷ் போட்டபோது தட்டியிருக்கும். முதலில் நேர்ந்தது பழுதே இல்லை என்றாள். புது மெமரி போட்டால் முதல் தடவை மெஷின் அதைத் தெரிந்துகொள்ள இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும், அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும், பொறுத்திருந்தால் தானாக வந்திருக்கும். சொல்லிவிட்டு உறையை எடுத்து, இதையும் போட்டுவிடட்டுமா என்று கேட்டாள். கேட்டது மனைவியிடம்.

"நானே போடறேன். எப்படின்னு மட்டும் சொல்லுங்க," என்றாள் மனைவி.

சொல்லிக் கொடுத்தாள். சாய்த்து வைத்து, கீழே அழுத்த வேண்டும். மனைவி இரண்டு கட்டைவிரலாலும் ஒரே தடவையில் உட்கார வைத்தாள். ஸ்க்ரூக்களையும் அவளே முடுக்கினாள். பட்டனை அழுத்தியதும், இனி யாரும் எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அடுத்த டோக்கனைப் பார்க்கப் போனாள்.

கறுப்புத் திரையில் இரண்டு பேர் முகமும் மங்கலாகத் தெரிந்தது. விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அரை நிமிடம் ஆவதற்குள் லென்ஸின் கை தன்னை அறியாமல் பட்டனுக்குப் போயிற்று. அவள் திரும்பாமலே அந்தக் கையைப் பிடித்துக் கவுன்ட்டரின் மேல் வைத்தாள். நீ வந்து பார்த்து ஆச்சரியப்படணும்னுதான் என்று அவர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

"திறந்ததை நான் கேக்கவே இல்லை," என்றாள் அவள், திரையைப் பார்த்துக்கொண்டே. "கெட்டுப் போச்சுன்னாகூடப் பரவாயில்லை. மூணு நாளா தண்ணியைக்கூட நின்னுக்கிட்டே குடிச்சேன். பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"பார்த்தேன்."

"ஸ்க்ரூவுல மயிரிழை கீறல் இருந்தாத் தெரியுது உங்களுக்கு. என் மூஞ்சியைப் பார்க்கவும் லென்ஸ் வேணுமாங்க?"

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாய் வரை வந்தது, கேட்டால் அதுவும் மலிவாகப் போய்விடும் என்று பயந்தார். திரை இன்னும் கறுப்பாகவே இருந்தது. தன் ஆயுளில் இரண்டு நிமிடம் இவ்வளவு நீளமாக அவருக்கு இருந்ததில்லை.

பிறகு திரை வெளுத்தது. அவள் பென்டிரைவைச் செருகிப் புத்தகத்தைத் திறந்தாள். காலையில் கேட்டால் மத்தியானம் வருகிற இடுப்பெலும்பு கண் இமைப்பதற்குள் வந்து நின்றது. தொடை, முழங்கால் என்று தட்டத் தட்டப் பக்கங்கள் ஓடின. வேறொரு நாளாக இருந்தால், இங்க பாருங்களேன் என்று இவர் கையைப் பிடித்து இழுத்திருப்பாள். இன்றைக்குத் தானே பார்த்துக்கொண்டாள்.

படிவத்தை மட்டும் திருத்த வேண்டும் என்று டெக்னீஷியன் பெண் வந்து நீட்டினாள். மனைவி 'இல்லை'யை அடித்துவிட்டு 'ஆம்' என்பதில் டிக் போட்டாள். திறந்தவர் யார் என்ற இடத்தில் 'கணவர்' என்று எழுதி, பேனாவை அவர் பக்கம் தள்ளினாள். ஒரு நாளைக்கு இருபது கையெழுத்தை ஓங்கி ஓங்கிப் போடுகிற கை, அந்தச் சின்னக் கட்டத்துக்குள் ஒன்றைப் போட வெகு நேரம் எடுத்துக்கொண்டது.

அவர் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவள் கவுன்ட்டரில் இல்லை. மூலையில் வைத்திருந்த தண்ணீர்க் கேனில் ஒரு பேப்பர் கப்பை நிரப்பிக்கொண்டு நாற்காலிக்கு வந்தாள். உட்கார்ந்தாள். லேப்டாப்பைத் திறந்தபடியே மடியில் வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், கப்பில் இருந்த கடைசிச் சொட்டு வரை குடித்தாள். லென்ஸ் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது, போய் உட்கார அவருக்குத் தைரியம் வரவில்லை.